புது கார் புக் செய்வதற்கு முன்னால்: ஒயர் ஹார்னஸ் லைனில் நின்ற அனுபவத்திலிருந்து

2022 பொங்கல் முடிந்த மறுவாரம் வேலூரில் ஒரு ஷோரூமில் அப்பா 11,000 ரூபாய் கட்டி கார் புக் செய்தார். “சித்திரைக்குள்ள வண்டி வந்துடும் சார், நான் பார்த்துக்கறேன்” என்றார் அங்கிருந்த தம்பி. அந்த வார்த்தையை நம்பி அப்பா எங்கள் பழைய வண்டியை அந்த மாதமே விற்றுவிட்டார். புது வண்டி வந்தது ஐப்பசியில். நடுவில் இருந்த ஒன்பது மாதமும் அம்மாவைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆற்காட்டிலிருந்து சி.எம்.சி.க்குக் கூட்டிப் போக வாடகை கார்தான். சில நாள் அதுவும் கிடைக்காமல், சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மா முத்துக்கடையில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆறாததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஆறு வருடம் ஒரகடம் பக்கத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டும் ஒயர் ஹார்னஸ் லைனில் வேலை செய்தேன். அப்புறம் அதே இடத்தில் மெட்டீரியல் பிளானிங், அதாவது எந்தப் பாகம் எப்போது வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. ஒரு கார் ஏன் நாள் தள்ளிப் போகிறது என்பதைத் தினமும் கண்ணெதிரே பார்த்தவள். அப்பாவோடு நானும் ஷோரூமுக்குப் போயிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு முதல் ஷிப்ட். அதற்குப் பிறகு எங்கள் தெருவில், சொந்தத்தில், பழைய லைன் தோழிகள் வீட்டில் என்று யார் கார் வாங்கினாலும் அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

வண்டி எங்கே மாட்டிக்கொள்கிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள் வேண்டும். அதில் ஒன்றே ஒன்று வரவில்லை என்றாலும் வண்டி வெளியே போகாது. மற்ற எல்லாம் மாட்டிய வண்டி, கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டு, யார்டில் வெயிலில் நிற்கும்.

2021, 22இல் அப்படி நிறுத்தியது சிப். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்று லேப்டாப்பும் போனும் விற்றதால் சிப் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. கார் கம்பெனிகள் திரும்பி வந்தபோது வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் ஆலையில் தீப்பிடித்தது. அப்புறம் மலேசியாவில் ஊரடங்கு. சிப்பை உறையிலிட்டுச் சோதிக்கும் வேலை அங்கேதான் நிறைய நடக்கிறது. அந்த வருடம் செப்டம்பரில், வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் செய்ய முடியும் என்று மாருதியே அறிவித்தது. ஆனால் வாங்குகிறவர்கள் குறையவில்லை. அக்டோபரில் மஹிந்திரா எக்ஸ்.யு.வி.700க்கு முன்பதிவு திறந்த முதல் நாள் 57 நிமிடத்தில் 25,000 பேர் புக் செய்தார்கள். அத்தனை பேருக்கும் வண்டி எங்கிருந்து வரும்?

2025இல் வந்தது வேறு பாகம். அந்த ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. மின்சார வண்டியின் மோட்டாருக்கு அந்தக் காந்தம் உயிர். பெட்ரோல் வண்டியிலும் பவர் ஸ்டீயரிங் மோட்டார் போன்ற இடங்களில் அது இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் நெக்ஸ்பீரியா என்ற சிப் கம்பெனி விஷயத்தில் நெதர்லாந்துக்கும் சீனாவுக்கும் தகராறு வந்து, சில ரூபாய் பெறாத சாதாரண சிப்புகளுக்காக வெளிநாட்டில் கார் லைன்கள் நின்றன.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், தட்டுப்பாடு எல்லா வேரியண்டையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. சிப் இல்லாத காலத்தில் பெரிய திரை, 360 டிகிரி கேமரா, சன்ரூஃப் வைத்த டாப் வேரியண்டுக்குத்தான் அதிகம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடு வேரியண்ட் ஓரளவு வந்துகொண்டிருந்தது. காந்தம் இல்லாத காலத்தில் எலக்ட்ரிக்கும் ஹைபிரிடும் திணறும். அதனால் ஷோரூமில் “வெயிட்டிங் எவ்வளவு?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “இந்த வேரியண்ட், இந்த நிறம், இந்த கியர். எவ்வளவு நாள்? எந்தப் பாகத்தால் நிற்கிறது?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தவர் சொல்லும் நாள்கணக்கை ஓரளவு நம்பலாம். தெரியாதவர் வாய்க்கு வந்த மாதத்தைச் சொல்லியிருப்பார்.

ஆள் குறைந்தாலும் வண்டி நிற்கும்

சிப்பைப் பற்றிப் பேப்பரில் எல்லோரும் எழுதினார்கள். ஆளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஹார்னஸ் என்பது காரின் நரம்பு. விளக்கு, ஹாரன், ஏர்பேக், எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஓடும் ஒயர்களை ஒன்றாகக் கட்டிய கொத்து. ஒயரை வெட்டவும் முனையில் டெர்மினல் அடிக்கவும் மெஷின் இருக்கிறது. அதைப் போர்டில் விரித்து, கனெக்டரில் செருகி, டேப் சுற்றுவதற்கு இன்றைக்கும் கைதான். ஆள் உயரப் பலகை, அதில் வரைபடம், வரைபடத்தின் மேல் முளைகள். பலகை மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பச்சையில் மஞ்சள் கோடு ஓடிய ஒயரை எடுத்து கனெக்டரின் சரியான ஓட்டையில் தள்ள வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். வந்த பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. ஒரு ஷிப்டில் ஆயிரம் முறைக்கு மேல். சத்தம் வராமல் விட்டால் எங்கோ ஒருவருடைய காரில் ஒரு நாள் ராத்திரி விளக்கு எரியாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் புதுப் பெண்களைப் பழக்கினேன்.

ஒரு பெண்ணுக்குக் கை பழக வாரக்கணக்கில் ஆகும். பழகிய பெண் தை பிறந்தால் கல்யாணமாகிப் போய்விடுவாள். ஆவணியில் இன்னொரு பத்துப் பேர். ஆற்காட்டிலிருந்து விடிகாலை நாலேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர மாலை ஐந்தாகும். வாலாஜா தாண்டிச் சென்னை சாலையில் அகலப்படுத்தும் வேலை நடந்த வருடங்களில் ஆறும் ஆனது. பக்கத்திலேயே வேலை கிடைத்தால் யார் இருப்பார்கள்? 2024 செப்டம்பரில் பானப்பாக்கத்தில் டாடா 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பேச்சுதான் பேசினார்கள். ஐயாயிரம் பேருக்கு வேலை, அதுவும் வீட்டுப் பக்கத்தில். நல்ல விஷயம். அவர்கள் போனால் பழைய லைன் காலியாகும், அதுவும் உண்மை.

நாட்டில் பதிவு பெற்ற ஆலைகளில் பத்துக்கு நாலு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்கள் நிரந்தரம் இல்லை, அதனால் நிற்பதும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் ஆட்கள், சத் பூஜைக்கும் ஹோலிக்கும் பீகார், ஒடிசா ஆட்கள். ஊருக்குப் போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வரமாட்டார்கள். வந்து சேரும் புதியவர்கள் பழகும்வரை லைன் வேகம் இறங்கும். வேலைநிறுத்தம் வந்தால் சொல்லவே வேண்டாம். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில், பாதுகாப்பு கேட்டுத் தொழிலாளர்கள் உட்கார்ந்ததால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையை ஐந்து நாள் மூட வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உயிருக்குப் பயந்த நேரம் அது.

ஆக, நீங்கள் வண்டியை எதிர்பார்க்கும் மாதம் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அடுத்த மாதமாக இருந்தால், ஷோரூமில் சொல்லும் நாளோடு இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று தேதி வைத்து வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்கக் கூடாது.

ஆள் பிரச்சினை ஷோரூமிலும் உண்டு. அப்பாவிடம் “நான் பார்த்துக்கறேன்” என்ற தம்பி பங்குனியிலேயே வேறு ஷோரூமுக்குப் போய்விட்டார். அவர் சொன்ன தேதி, தருவதாகச் சொன்ன மேட், சீட் கவர், தள்ளுபடி எல்லாம் அவரோடு போய்விட்டன. அடுத்து வந்தவர், “அப்படி எதுவும் எழுதலையே சார்” என்றார். அவர் சொன்னதும் சரிதான், எதுவும் எழுதப்படவில்லை. விற்பனை வேலையில் சம்பளம் கம்மி, இலக்கு அதிகம். ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். வாய்ப்பேச்சு முடிந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே, “இன்று பேசியது: இந்த வேரியண்ட், இந்த விலை, இந்தத் தள்ளுபடி, இந்த மாதம்” என்று ஷோரூமின் மின்னஞ்சலுக்கும் மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கும் எழுதிவிடுங்கள். ‘சரி’ என்று ஒரு பதில் வந்தால் போதும்.

தட்டுப்பாடா, தேக்கமா

எப்போதும் தட்டுப்பாடு என்று நினைத்துப் பயந்து புக் செய்யவும் வேண்டாம். 2024 புரட்டாசியில் நிலைமை தலைகீழ். கார் டீலர்கள் கூட்டமைப்பு ஃபாடா மாதாமாதம் ஒரு அறிக்கை விடுகிறது. தினசரிகளின் வணிகப் பக்கத்தில் வரும். டீலரிடம் எத்தனை நாள் விற்பனைக்கான வண்டி தேங்கியிருக்கிறது என்று அதில் இருக்கும். 21 நாள் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்த செப்டம்பரில் 80, 85 நாள் இருந்தது. அந்தச் சமயத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரர் கார் எடுத்தார். முதலில் சொன்ன தள்ளுபடியை அப்படியே ஏற்காமல் மூன்று ஷோரூம் ஏறி இறங்கியதில், இன்னும் 35,000 குறைத்தார்கள். தேங்கிய வண்டிக்கு டீலர் தினமும் வட்டி கட்டுகிறார். அப்படிப்பட்ட காலத்தில் பேரம் நம் கையில் இருக்கும்.

ஒரு வருடம் கழித்து மறுபடி மாறியது. 2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள், நாலு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சி.சி.க்கு மேல் போகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது; மேலே போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. டீசலுக்கு 1,500 சி.சி. எல்லை. சின்ன வண்டிக்கு ஒரே நாளில் கூட்டம். ஆலையோ ஒரே நாளில் கூட்டிச் செய்ய முடியாது. ஹார்னஸ் போர்டில் நிற்க ஆள் வேண்டுமே.

புக் செய்யும் வாரத்தில் ஃபாடா சொல்லும் அந்தத் தேக்க நாள்கணக்கைப் பாருங்கள். 60க்கு மேல் என்றால் பொறுமையாகப் பேரம் பேசலாம். 30க்குக் கீழே போனால் தள்ளுபடியை மறந்து, வண்டி எப்போது கைக்கு வரும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது நாடு முழுக்கச் சேர்ந்த கணக்கு. உங்கள் வேரியண்டுக்கு ஷோரூமில்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் இப்படி: “வண்டி உங்கள் யார்டில் இருக்கிறதா, வழியில் வருகிறதா, இனிமேல்தான் கம்பெனி ஒதுக்க வேண்டுமா?” யார்டில் இருக்கிறது, வழியில் வருகிறது என்றால் சேஸிஸ் நம்பர், அதாவது அந்த ஒரு வண்டிக்கே உரிய அடையாள எண், இருக்கும். அதைக் கேளுங்கள். நம்பர் தர முடியாத வண்டி உங்களுக்காக எங்கும் நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வட இந்திய ஆலையிலிருந்து வருவது நாட்கணக்கில் வழியில் இருக்கும். ரயிலில் வந்தால் இறங்கி, டிரெய்லரில் ஏறி வர வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற வண்டி நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் என்றாலும் சீக்கிரம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கம்பெனி எந்த டீலருக்கு ஒதுக்குகிறதோ அங்கேதான் போகும்.

அதனால் சத்துவாச்சாரி பைபாஸில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராமல், காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் ஒரு டீலரிடமும் போனில் கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் எங்கே வாங்கினாலும் நம் முகவரிக்கு ஏற்ப வேலூர் 23, ராணிப்பேட்டை 73 எண்ணிலேயே பதியலாம். சித்தூர் பக்கம் என்று போனால் மாநிலம் மாறும், வரி மாறும். அந்த அலைச்சல் வேண்டாம்.

புக்கிங் தாளில் ஒரு வரி

புக்கிங் தாளின் பின்னால் பொடி எழுத்தில், ‘டெலிவரி அன்று உள்ள விலையே பொருந்தும்’ என்று ஒரு வரி இருக்கும். அப்பா கையெழுத்துப் போட்ட தாளிலும் இருந்தது. ஒன்பது மாதத்தில் விலை இரண்டு முறை ஏறி, எங்களுக்கு 32,000 ரூபாய் கூடுதலானது. கம்பெனிகள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஏற்றும். காத்திருப்பு அந்த மாதங்களைத் தாண்டுமா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து, வண்டியைப் பதியும்போது கட்டும் ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் புது சதவீதம். 9,80,000 ரூபாய் வண்டிக்கு 13 சதவீதம் 1,27,400. காத்திருக்கும்போது விலை முப்பதாயிரம் ஏறி 10,10,000 ஆனால் 18 சதவீதம், 1,81,800. விலை ஏறியது 30,000, வரியில் மட்டும் 54,400. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால், விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். என்ற வரி 1 சதவீதம் வேறு, அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். உங்கள் வண்டி விலை ஒன்பதே முக்காலில் இருக்கிறது, காத்திருப்பும் நீளம் என்றால், ஒரு படி கீழே உள்ள வேரியண்டை எடுங்கள். சன்ரூஃபுக்காக இந்த ஆபத்து தேவையில்லை என்பது என் கருத்து.

ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பணம் ஷோரூம் கணக்குக்குத்தான் போக வேண்டும். யாருடைய சொந்த ஜிபேக்கும் வேண்டாம். “அக்சஸரீஸ் இருபதாயிரத்துக்கு எடுத்தா உங்க நம்பரை முன்னாடி தள்ளலாம்” என்று எங்களிடம் கேட்டார்கள். அப்பா மறுத்துவிட்டார். தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தப் பேச்சு வரும், தயாராக இருங்கள். இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

காத்திருக்கும்போது செய்யக் கூடாதவை இரண்டு. சேஸிஸ் நம்பர் கைக்கு வரும்வரை பழைய வண்டியை விற்காதீர்கள். வங்கிக் கடன் ஒப்புதல் வாங்கி வையுங்கள், ஆனால் அந்த நம்பர் இல்லாமல் பணத்தை விடுவிக்கச் சொல்லாதீர்கள். விடுவித்த நாளிலிருந்து வட்டி ஓடும். ஒப்புதலுக்குக் காலக்கெடு உண்டு, அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி எடுக்கும் நாள்

மாதக் கடைசி இரண்டு நாளும் ஆயுத பூஜை, விஜயதசமி போன்ற நாட்களும் ஷோரூமில் திருவிழாக் கூட்டம். இருக்கும் கொஞ்சம் மெக்கானிக்குகள்தான் அத்தனை வண்டியையும் பார்த்து அனுப்ப வேண்டும். வளர்பிறை முகூர்த்தம் வேறு நாளிலும் இருக்கும். பூஜையை முகூர்த்தத்தில் வையுங்கள், வண்டியை இரண்டு நாள் முன்பே பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு மீதிப் பணம், அப்புறம் பதிவு. பதிந்துவிட்டால் குறை இருந்தாலும் அந்த வண்டி உங்களுடையது.

படிவம் 22 என்ற கம்பெனிச் சான்றிதழைக் கேளுங்கள். தயாரான மாதமும் வருடமும் அதில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3125 என்றால் 2025ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். வண்டிக்கும் டயருக்கும் சில மாத வித்தியாசம் சகஜம். வண்டியே ஐந்தாறு மாதம் யார்டில் நின்றது என்றால் பேட்டரியைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மார்கழியில் தரும் பெரிய தள்ளுபடி பல நேரம் போன வருடத்து வண்டி என்பதற்காகத்தான். பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்; மூன்று வருடத்தில் விற்பவர்களுக்கு விலையில் அடிபடும்.

புக் செய்த அன்று வாங்கிய விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வண்டியில் தொட்டுப் பாருங்கள். தட்டுப்பாட்டில் கம்பெனிகள் சிலவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். எல்லாக் கண்ணாடியும் ஏறி இறங்குகிறதா, எல்லா விளக்கும் எரிகிறதா, பின் கேமரா தெரிகிறதா. இது கடைசிச் சோதனை என்று எங்கள் லைனில் செய்வோம், நீங்களும் செய்யுங்கள்.

சாவி இரண்டு இருக்கிறதா பாருங்கள். 2022 அக்டோபரில் டொயோட்டாவே ஜப்பானில், சிப் இல்லாததால் ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதாரணச் சாவியும்தான் என்று அறிவித்தது. எங்களுக்கும் ஒரு சாவிதான் தந்தார்கள். இந்த முறை நான் கூட இருந்தேன். ‘இரண்டாவது சாவி பாக்கி, கட்டணமின்றி தரப்படும்’ என்று டெலிவரி தாளில் எழுதி, மேனேஜர் கையெழுத்தும் ஷோரூம் சீலும் வாங்கிய பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார். நேராக ரத்தினகிரி போய்ப் பூஜை போட்டோம். அடுத்த வியாழக்கிழமை அம்மா அதில்தான் சி.எம்.சி.க்குப் போனார். சாவி மறு வருடம் சித்திரையில் வந்தது. வாங்கப் போனபோது கவுன்டரில் வேறு ஆள் இருந்தார். அந்தத் தாளைக் காட்டினோம், கொடுத்துவிட்டார்.